மறதிநோயும் ஆன்ம வுண்மையும்



புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்கு அணித்தாக விளங்குவது திருப்பெருந்துறை. ஆவுடையார்கோயில் என்று இக்காலத்தார் வழங்கும் அத்தலத்துக் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மட்டுமே உளது. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்மை சந்நிதியிலும் திருவுருவம் இன்றித் திருவடிகளே வழிபடப்படுகின்றன. சோற்றைப் படைத்து அதன் ஆவியையே இறைவற்கு நிவேதிக்கும் முறையும் அங்கு உண்டு. பெருமான் திருப்பெயரோ ஆத்மநாதர். உயிர்க்கு நாயகன் என்று பெயர்பூண்ட இறைவன், கண்ணுக்குப் புலனாகும் உருவத்தை நீக்கிய இடத்தில் எழுந்தருளியிருக்கின்றான். உருவத்தைக் காணாமையால் உள்ளே இறைவன் இல்லை என்று அங்குச் சென்று வணங்கும் எவரும் கூறார்.

ஆயினும் அவ்வாறு வணங்கி மீள்வோரே தம் வீட்டில் வேறொன்று கூறக் காண்கிறோம். அத்தலத்தைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் இருப்பதாகக் கருதிக்கொள்க. ஐம்பதாண்டு திருவாசகம் ஓதி வந்தவர். இப்போது மனைவியைத் தம் தாய் என்கின்றார்; உண்டதை மறந்து உணவு கேட்கின்றார்; தம் வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று வாயிலில் நிற்கின்றார். திருநீற்றுக் கொப்பரையை எடுத்துக் கொடுத்தால் இது யாது என்று வினவுகின்றார். திருவைந்தெழுத்தும் நாவில் எழவில்லை. அவர் மகனார் மட்டும் நாடோறும் காலையில் அவர் நெற்றியில் நீறிட்டு வருகின்றார். ஒருநாள் அண்டை வீட்டுப் பெரியவர் அதனைப் பார்த்து, “யாருக்குத் தம்பி இடுகிறாய்? உள்ளே ஆளே இல்லையே!” என்கின்றார். மகனாரால் விடை சொல்ல இயலவில்லை.

இஃது ஒரு வீட்டின் வினா அன்று. இந்திய நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இத்தகைய அறிவுத்தேய்வு உடையார் என 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. மக்கள் வாழ்நாள் நீளுந்தோறும் இத்தொகையும் பெருகும். ஆகவே சைவர் வீடுகளில் இவ்வினா எழுந்தே தீரும். எழும்போது சாத்திரம் வல்லார் கூறும் விடை சாத்திரத்துக்கும் மெய்ந்நிகழ்ச்சிக்கும் ஒருங்கே பொருந்தியதாதல் வேண்டும்.

அண்டை வீட்டார் அறியாமலே கூறியது உலகாயதன் கூற்றேயாம். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழிச் சிவப்புத் தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும், அவை பிரிந்தவழி அறிவும் அழியும், அறிவுடைய பொருள் என வேறொன்று இல்லை என்பது அவன் கொள்கை. சிவஞானசித்தியார் பரபக்கத்துள் முதற்கண் மறுக்கப்பட்ட அவன் இக்காலத்தில் வெள்ளங்கி பூண்டு சோதனைச் சாலையில் அமர்ந்திருக்கின்றான் என்று நகையாடுவாரும் உளர். அந்நகை பொருந்தாது. சோதனைச் சாலையில் இருப்போர் எல்லாரும் உலகாயதர் அல்லர். திருக்கோயிலில் நிற்போர் எல்லாரும் உலகாயதர் அல்லாதாரும் அல்லர்.

ஆனால் அவன் வாதம் முன்னினும் கூர்மை பெற்றுள்ளது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மூளையின் இன்ன கூறு சிதைந்தால் இன்ன அறிவு கெடும் என்று அவன் இன்று அளந்து காட்டுகின்றான். நினைவைப் பதிக்கும் கூறு தேய்ந்தால் நேற்றைய நிகழ்ச்சி நில்லாது. மொழிக்குரிய கூற்றில் குருதி தடைப்பட்டால் கருதியதைச் சொல்லச் சொல் எழாது. நெற்றிக்குப் பின்னுள்ள கூறு கெட்டால், நாணமும் பொறையும் உடையராய் வாழ்ந்தவர் நாணிழந்து வெகுண்டு திரிவர். நினைவும் போயிற்று, மொழியும் போயிற்று, குணமும் போயிற்று. இனி ஆன்மா என எஞ்சி நிற்பது யாது என்பது அவன் கேள்வி.

இதற்கு விடை கூறப் புகுந்த சிலர், மூளைக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்பார்போலப் பேசுவர். அது சித்தாந்தம் அன்று. உயிர் அறிவுடைப் பொருளேயாயினும், அநாதியே ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடத்தலின், மாயாகாரியமாகிய கருவிகளைக் கூட்டினாலன்றி உலகப் பொருள் ஒன்றையும் அறியமாட்டாது என்பதே மெய்கண்டதேவர் திருவுள்ளம். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று நிறுவி, அரசன் அமைச்சரோடு கூடி நின்று தொழில் நடத்துமாறுபோல அஃது அவற்றோடு கூடி ஐந்து அவத்தைப்படும் என்று காட்டிற்று. சாக்கிரத்தில் 35 கருவிகள் தொழிற்படும், சொப்பனத்தில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1. கருவி கழியக் கழிய அறிவு கழிகின்றது. அவற்றைக் கூடியும் நீங்கியும் நிற்கின்ற உயிர் கழிவதில்லை. ஆகவே கருவி கெட அறிவு கெடும் என்று உலகாயதன் பெருமுயற்சியோடு காட்டுவது, ஒவ்வொருவரும் இரவுதோறும் பாயிற் சாய்ந்தபின் நிகழ்வதன் மற்றொரு வகையேயாம்.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் நுண்பொருள்கள். மூளையோ பூதகாரியமாகிய பருவுடம்பின் ஓர் உறுப்பு. பரியது சிதைந்ததனால் நுண்ணியது தொழிலிழத்தல் எங்ஙனம் கூடும் எனின், கண்ணை நோக்குக. காணும் ஆற்றலாகிய இந்திரியம் வேறு. அஃது இடமாகக் கொண்டு தொழிற்படும் கண்மணி வேறு. கண்மணியிற் படலம் படர்ந்தபோது இந்திரியம் அழிந்ததில்லை. ஆயினும் காட்சி நிகழ்வதில்லை. மதுரையிலோ புதுக்கோட்டையிலோ மருத்துவர் அப்படலத்தை வாங்கியபின் முன்போற் காட்சி நிகழ்கின்றது. சித்தம் முதலியவற்றுக்கு மூளை அத்தகைய இடம் எனக் கொள்வதில் சாத்திரத்தோடு மாறுபாடு யாதும் இல்லை. இனி, அவத்தைத் தானங்களைப் புருவநடு, கண்டம், இதயம், உந்தி, மூலாதாரம் என நூல்கள் வகுத்தமை கொண்டு, முன்னோர் மூளையின் கூறுபாடெல்லாம் அறிந்திருந்தனர் என்பாரும் உளர். அது பற்று மிகுதியாற் கூறுவது. அறிந்திருந்தாராயின் எழுதியிருப்பர், எதனையும் எழுதாமல் விடும் இயல்பினர் அல்லர் அவர்.

இத்துணையும் கூறியபின் ஒன்றை ஒளியாது சொல்லல் வேண்டும். கருவி கெட அறிவு கெடும் என்பது இருதிறத்தார்க்கும் ஒத்த முடிபு. ஆதலின் மூளைநோயைக் காட்டி ஆன்மா இல்லை என்று உலகாயதன் சாதித்தலும் ஆகாது. அதே நோயைக் காட்டி ஆன்மா உண்டு என்று சித்தாந்தி சாதித்தலும் ஆகாது. அறையில் விளக்கு அவிந்தது, காட்சி நின்றது. விளக்கே கண் என்பானும், கண் வேறு விளக்கு வேறு என்பானும் அவ்விருளிற் காண்பது ஒன்றே. விளக்கை மீள ஏற்றும்போதுதான் இருவர் கூற்றையும் சீர்தூக்க இடமுண்டாகும்.

அங்ஙனம் விளக்கு மீள ஏற்றப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அச்சங்கிலியின் ஒரு கண்ணி தமிழ்நாட்டில் அமைந்தது.

பூனைக்காலி தமிழ்நாட்டு வேலிகளிலும் புதர்களிலும் படரும் கொடி. காயின்மேற் பட்டுப்போன்ற சுணை அடர்ந்திருக்கும். தொட்டவர் அரைநாள் சொறிந்து திரிவர். தன்னைத் தானே காத்துக்கொள்வது என்னும் பொருளில் வடநூலார் இதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று ஆத்மகுப்தா. 1937-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியற் சாலையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் இதன் விதையினின்றும் டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். ஐரோப்பாவில் 1913-இலேயே ஓர் அவரையினத்திலிருந்து அப்பொருள் எடுக்கப்பட்டிருந்தது. அதனால் மூளைநோய் ஒன்று தணியும் என்று 1937-இல் உலகில் ஒருவரும் அறிந்திலர்.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதத்தை விரித்தெழுதினார். கை நடுங்கும், உடல் இறுகும், நடை சுருங்கும், முகம் வரைந்த சித்திரம்போல அசைவற்று நிற்கும். அதன் காரணம் நூற்றாண்டுக்கு மேலும் விளங்கவில்லை. 1957-இல் சுவீடன் நாட்டுக் கார்ல்சன், சர்ப்பகந்தி வேரிலுள்ள ரெசர்பின் என்னும் மருந்தை முயல்களுக்குச் செலுத்த அவை அசைவற்றுக் கிடந்தன; பின்னர் டோபாவைச் செலுத்த எழுந்து இயங்கின. நம் நாட்டு மூலிகையொன்றின் பொருளால் முடங்கியது, மற்றொரு மூலிகையிலும் உள்ள பொருளால் எழுந்தது. 1960-இல் வியன்னா நகரத்தில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் நடுக்குவாதத்தால் இறந்தோர் மூளைகளை ஆய்ந்து, டோபமின் என்னும் பொருள் அவற்றின் ஒரு பகுதியில் மிகக் குறைந்திருத்தலைக் கண்டனர். டோபமினையே கொடுத்தாலோ அது குருதியிலிருந்து மூளைக்குட் புகாது. டோபா புகும், புகுந்தபின் டோபமினாக மாறும். 1967-இல் அமெரிக்காவிற் கோட்சியாஸ் அதனைச் சிறிது சிறிதாக மிகுத்து வாய்வழிக் கொடுத்து நிலைத்த பயன் கண்டார். இன்றளவும் அந்நோய்க்கு அதனினும் சிறந்த மருந்து தோன்றவில்லை.

ஈண்டைக்கு வேண்டுவது இதன்பின் நிகழ்ந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் உறக்க மூளைக்காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. 1917-இல் வியன்னா மருத்துவர் எகனாமோ அதனை விளக்கியெழுதினார். பிழைத்தவருட் பலர் நாளடைவில் கல்லிற் சமைத்த பாவைபோல அசைவற்றனர். உண்பித்தால் உண்டனர், இருத்திய இடத்தில் இருந்தனர், பேசிலர். அந்நோயிற் பிழைத்தவர் ஏறத்தாழ 80 பேர் நியூயார்க் நகரத்து மருத்துவமனையொன்றிற் பல்லாண்டு கிடந்தனர். அங்கிருந்த ஆலிவர் சாக்ஸ் என்னும் மருத்துவர் 1969-இல் அவர்க்கு டோபா கொடுத்தார். முப்பது நாற்பதாண்டு வாய்திறவாதிருந்தவர் பேசினர், நடந்தனர், பாடினர். அவருள் ஒரு மாது 1926-இல் நோயுற்றவர். மருந்தினால் எழுந்தபோது அவர் பேச்சும் பாட்டும் 1926-க்கு உரியனவாகவே இருந்தன. ஆயினும் இடைப்பட்ட போர்களையும் தலைவர் இறப்புக்களையும் ஆண்டு நாளோடு அறிந்திருந்தார். அவையெல்லாம் தம்முட் பதிந்தனவே, ஆனால் மெய்யாகத் தோன்றவில்லை என்றார். உள்ளே ஆள் இல்லை என்று உலகம் கருதிய நாற்பது ஆண்டும் அறிகின்ற ஒன்று அங்கே இருந்து, காதில் வீழ்ந்ததை வாங்கி வைத்திருந்தது. சில வாரங்களுள் மருந்தின் பயன் நீங்க, அம்மாது மீண்டும் முன்னைய நிலையை எய்தினார்.

இவ்வரலாற்றால் உலகாயதன் வாய் அடைபட்டது என்று கொள்ளற்க. நினைவுக்குரிய கூறுகள் கெடாதிருந்தன, அசைவுக்குரிய கூறே கெட்டது, ஆகவே அறிவு பூதத்தில் இருந்தது என்பதற்கு இஃது இழுக்கன்று என்று அவன் கூறுவான். நேரிய மறுமொழியே அது. உடம்பின் வேறாகிய ஆன்மா உண்டு என்பதற்குச் சித்தாந்தி வேறு ஏதுக்களை நாடவே வேண்டும். அவை நூலுள் உள்ளன. ஆனால் அண்டை வீட்டார் கூற்று இதனால் வீழ்ந்தது. புறத்தே அடையாளம் இன்மையால் அகத்தே அறிவானும் இலன் என்னும் அனுமானம், நியூயார்க் நகரத்திற் பலர்மாட்டும் பிழைபட்டது. ஒரு வீட்டில் மட்டும் அது பிழைபடாது என்று துணிதற்குக் காரணம் யாது?

இனிக் கடினமான பகுதி. மறதிநோயில் விளக்கின் நெய் குறைதல் மட்டும் அன்று, விளக்கே தேய்கின்றது. 1901-இல் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் 51 வயதுடைய மாது ஒருவரைக் கண்டு, அவரோடு உரையாடியவற்றைக் குறித்து வைத்தார். தம் பெயரை எழுதச் சொன்னபோதும் அம்மாதால் முற்ற எழுத இயலவில்லை. தம்மையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார். 1906-இல் அவர் இறந்தபின் அவர் மூளையை அல்சைமர் உருப்பெருக்கியில் வைத்து ஆய்ந்து, நரம்பணுக்களுள் முறுக்குண்ட இழைகளையும் அணுக்களின் புறத்தே படிந்த திட்டுக்களையும் கண்டறிந்து, அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரத்து அவையில் எடுத்துரைத்தார். 1910-இல் அந்நோய்க்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

தம்மையே தொலைத்துவிட்டதாகக் கூறிய அம்மாதின் சொல்லைச் சித்தாந்த நூல் கற்றார் விரைந்து கடந்து செல்லார். சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குக் காட்டும் ஏதுக்களுள் முதலாவது, எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று நீக்கிச் சொல்லும் ஒன்று உண்மையான் என்பது. அதன்பின் எனது உடம்பு என்று உடைமையாகச் சொல்லுதலான் என்பது. நினைவு நீங்கிற்று என்று நினைவு கூறாது. அமைச்சர் இறந்தனர் என்று இறந்த அமைச்சர் வந்து உரையார். அமைச்சரை இழந்த அரசனே அதனை உணர்வான். பெயரும் இடமும் நாளும் கைவிட்ட நிலையில், இழந்தேன் என்று இழப்பை உணர்ந்து வருந்திய ஒன்று அங்கே நின்றது. அது யாது?

நோய் முற்றியபின் அவ்வுணர்வும் வெளிப்படாது என்பது உண்மை. இழப்பையும் உணராத அந்நிலையில் உயிர் இருந்தும் இல்லாததற்கு ஒப்பன்றோ எனின், அன்று. கருவிகளை முற்றும் இழந்து ஆணவத்தோடு மட்டும் நிற்கும் கேவலாவத்தை உயிர்க்கு உண்டு என்று நூல்கள் கூறும். இருளிற் கண் ஒன்றையும் காணாது. கண் இல்லாமையும் அன்று. அன்றியும் உயிர் உணர்த்த உணர்வது. உணர்த்துவோன் கருவியை வாங்கிக்கொண்டபோதும் அவ்வுயிரினின்று நீங்குவதில்லை. மறதிநோயரது நிலை கேவலமே என்று கூறுதலும் ஈண்டுக் கருத்தன்று. உண்டலும் உயிர்த்தலும் அஞ்சுதலும் மகிழ்தலும் அவரிடத்து நெடுநாள் நிகழ்கின்றன ஆகலின். எல்லாக் கருவியும் நீங்கியவிடத்தும் உயிர் உண்டு என்பான், சில நீங்கியவிடத்து இல்லை என்னான் என்பதே கருத்து.

ஐம்பதாண்டு ஓதிய திருவாசகம் என்னாயிற்று என்னும் வினாவே மகனாரை உள்ளே அரிப்பது. மறந்தொழிந்ததாயின் அத்தனையும் வீணோ? சைவர்க்கு இதனினும் அச்சந்தரும் வினா வேறில்லை. இறுதிக்காலத்தில் இறைவன் நினைவு வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வேண்டுவோர் அவர். இங்கு நினைவுகூர வேண்டுவது ஒன்று. செய்த வினை தானே சென்று செய்தானைப் பற்றமாட்டாது, அறிவற்றது ஆகலின். உயிரும் தன் வினைப்பயனைத் தானே தேடி எடுத்துக்கொள்ளமாட்டாது. கூட்டுவிப்பான் இறைவனே என்பது சித்தாந்தம். ஆயின் சிவபுண்ணியக் கணக்கு முதியவரது மூளையில் எழுதப்பட்டதன்று. அவர் மறந்தமையால் அஃது அழிந்தது எனின், முற்பிறவிகளை ஒருவரும் நினையாமையால் அவற்றின் வினையும் அழிந்தது எனல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் சைவருள் இல்லை.

நோயரை நாடோறும் பேணுவார் கண்டறிந்த ஒன்றும் உண்டு. மக்கள் பெயரை மறந்தவரும் இளமையிற் பயின்ற பாட்டை மறவாதிருத்தல் பலரிடம் காணப்படுகின்றது. இசைநினைவுக்கு உதவும் மூளைக் கூறுகள் சில, நோயாற் பிந்திக் கெடுவன ஆகலின் இது நிகழ்கின்றது என்பர் ஆய்வாளர். இதனை அற்புதம் என்று கூவுதல் வேண்டா. ஆனால் பொருளுணர்ந்து ஓதினாலன்றிப் பயனில்லை என்று சிறுவரை வெறும் பண்ணோடு பாட விடாத ஆசிரியர், தம் கண்டிப்பைச் சிறிது மறுபடி எண்ணலாம். பொருள் சென்றபின்னும் பண் நிற்கின்றது.

இனி, இந்நோய் அவர் வினை, மருந்து எதற்கு, ஆராய்ச்சி எதற்கு என்று பேசுவார்க்கு விடை கூறுதல் எளிது. திருக்கொடிமாடச்செங்குன்றூரில் திருஞானசம்பந்தர் திருக்கூட்டத்தாரைக் குளிர்சுரம் பற்றியபோது, வினையின் விளைவு என்று சொல்லி வாளாவிருப்பதனை அவர் இசைந்திலர்; திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடினார். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடக்கக் கண்டபோதும் இரங்கி அந்நோயைத் தீர்த்தருளினார். முயலகனை இக்காலத்துக் காக்கைவலிப்பு என்று கொள்வர். அதன் வடசொல்லாகிய அபஸ்மாரம் நினைவு நீங்குதல் என்னும் பொருட்டு. கூத்தப்பெருமான் திருவடிக்கீழ் அழுந்திக் கிடப்பவனுக்கும் அதுவே பெயர். வினையைக் காட்டிப் பிறர் நோயில் அயர்வது, தன் பசியிலும் அவ்வாறே வினையென்றிருக்கும் ஒருவனுக்கே தகும்.

புதுக்கோட்டையிற் 1886-இற் பிறந்த மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி, உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வினை என்று அவர் அமையவில்லை. அவ்விழப்பின் பயனாக 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மூளைநோய்க்கும் அத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. 1950-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி நரம்பறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் ஏற்பட்ட மூளையாய்வு நடுவம், பிறவாச் சிசுக்கள் ஐந்தின் மூளைகளை 5132 மெல்லிய படலங்களாக எடுத்த படங்களைத் ‘தரணி’ என்னும் பெயரால் 2024-இல் உலகத்தார் யாவர்க்கும் பொதுவாக வெளியிட்டது. மூளை அமையும் முறை தெரிந்தால் அது பிறழும் முறையும் தெரியும் என்பது அவர் கருத்து.

இம்முயற்சிகளின் எல்லையையும் அறிதல் நலம். மறதிநோய்த் திட்டுக்களைக் கரைக்கும் லெகானெமாப் என்னும் மருந்து 2023-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. 1795 பேரிடம் 18 திங்கள் சோதித்தபோது, மருந்து பெற்றவரிடம் தேய்வின் விரைவு 27 விழுக்காடு குறைந்தது. தேய்வு நிற்கவில்லை, இழந்தது மீளவும் இல்லை. மூளை வீக்கமும் குருதிக் கசிவும் சிலர்க்கு உண்டாயின. நோய் தொடங்கும் நிலையினர்க்கே அது உரியது; வாயிலில் நின்று வீட்டுக்குப் போகவேண்டும் என்னும் நம் முதியவர்க்கு அஃது உதவாது. மற்று, நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலிப் பொடியே போதும் என்று கேட்டறியாமல் உண்பதும் தீது. விதைக்கு விதை அளவு மாறும். மிகுந்தால் வாந்தியும் மயக்கமும் வேண்டாத ஆட்டமும் உண்டாம்.

எரிங்கரும் அல்சைமரும் கண்டவை இறந்தோர் மூளையிற் கண்டவை என்பது மேலே கூறப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் 1995 முதல் மூளைக் காப்பகம் ஒன்று நடைபெறுகின்றது. இறந்தபின் விரைவில், உற்றார் இசைவோடு, மூளையை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பை அவர்பாலே ஒப்புவிப்பர். இது சைவர்க்குத் தகுமோ என்று ஐயுறுவார்க்குப் புதுக்கோட்டைச் சீமையிலேயே விடை உளது. கொடும்பாளூர் இடங்கழி நாயனார், அடியாரை ஊட்டுதற்பொருட்டு அரண்மனை நெற்கொட்டாரத்தில் இரவிற் கன்னமிட்ட அடியவர் ஒருவர் பிடிபட்டு நின்றபோது, அவரைத் தண்டித்திலர். இவரன்றோ எனக்குப் பண்டாரம் என்று கருதிக் கொட்டாரத்தையே திறந்துவிட்டார். நெல் வேண்டப்படும் இடத்தில் அதனைப் பூட்டிவைத்தல் அவர்க்கு இசையவில்லை. உயிர் நீங்கிய உடம்பில் உள்ள மூளை தீயிற் சென்றால் நீறு; ஆய்வார் கையிற் சென்றால் மற்றொரு வீட்டு முதியவர்க்கு என்றேனும் உதவக்கூடியது. உடம்பை யானெனக் கொள்ளாதவன் அதனைக் கொடுத்தற்கு அஞ்சவேண்டிய காரணம் நூலில் இல்லை. எனினும் புதுக்கோட்டையிலிருந்து பெங்களூர் தொலைவு. இறந்த சில மணி நேரத்துள் அதனை முடிப்பது எளிதன்று. முதியவர் அறிவு தெளிந்திருந்த காலத்தில் விரும்பிச் சொன்னாரா என்பதும் வேண்டும். சொல்லாதவர் பொருட்டு மகனார் தாமே துணிதல் வேறு வினா, அதற்குக் குடும்பத்தார் ஒருமித்தல் இன்றியமையாதது.

அண்டை வீட்டார் கேட்டது, யாருக்கு நீறிடுகிறாய் என்பது. ஐம்பதாண்டு நீறணிந்த அவர்க்கே என்று மகனார் சொல்லலாம். முதியவர் சில நாள் அதனைத் துடைத்துவிடுவார். துடைத்தால் மறுபடி இடலாம், அன்று விட்டு மறுநாளும் இடலாம், வற்புறுத்தல் வேண்டா. காலையில் அவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது பழகிய பதிகம் ஒன்றை அருகிருந்து, அவர் இளமையிற் கேட்ட பண்ணில், மெல்லப் பாடலாம். உடன் பாடுவார் என்று எதிர்பார்த்தல் வேண்டா. மார்கழிக் குளிரிற் குளித்துவந்த கை நெற்றியிற் பட்டால் அவர் திடுக்கிட்டு வெகுள்வாராயின், கையை வெதுப்பிக்கொண்டு தொடுக.